95 டிகிரியில் கலங்கிய ஆறு புட்டிகள்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகம். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை நேரம். முதுகலை மாணவர்களின் திட்டப்பணிக்காகப் பைரோகாக்கஸ் அபிசி என்ற ஆழ்கடல் நுண்ணுயிரை வளர்த்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆறு புட்டிகளில் விதைத்து 95 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். மறுநாள் காலை ஆறும் கலங்கியிருந்தன. அதிலிருந்து எடுத்துப் புது ஊடகத்தில் விதைத்தார்கள், அதுவும் கலங்கியது. மூன்றாம் தலைமுறையும் அப்படியே. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் லெட் அசிட்டேட் தாளும் கறுத்தது. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் குழாயின் அடியில் பட்டாணி அளவு வண்டல். டி.என்.ஏ. மட்டும் வரவில்லை. மூன்று முறை முயன்றும், டி.என்.ஏ. இருந்தால் கோடாகத் தெரிய வேண்டிய ஜெல்லில் ஒரு கோடுகூட இல்லை.

பிரித்தெடுக்கும் கிட்டைக் குறை சொல்லி வேறு கிட் வாங்கினார்கள். அதிலும் இல்லை. கடைசியில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தப் புட்டிகளில் தேடி வந்த செல்லே கிடையாது. ஒன்றில் மட்டும் செல் இருந்தது. ஆனால் அது வேறு ஆள். அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த உயிர், ஏன் இந்த வெப்பம்

பைரோகாக்கஸ் அபிசி பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா; பார்வைக்குப் பாக்டீரியா போலிருக்கும் தனி உயிர்ப் பிரிவு. தென்மேற்குப் பசிபிக்கின் வடக்கு ஃபிஜிப் படுகையில், ஏறத்தாழ 2000 மீட்டர் ஆழத்திலுள்ள கடலடி வெந்நீர்த் துவாரத்திலிருந்து எடுத்த ஜி.இ.5 என்ற வகையை 1993இல் முறைப்படி விவரித்தார்கள். ஏறத்தாழ ஒரு மைக்ரான் விட்டமுள்ள சிறு உருண்டை. ஒரு முனையில் நீந்த உதவும் கசையிழைக் கொத்து. சாதாரண அழுத்தத்தில் 67 முதல் 102 டிகிரி வரை வளரும். மிகவும் பிடித்தது 96. அந்த வெப்பத்தில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உப்பு 0.7 முதல் 5 சதவீதம் வரை தாங்கும்; 3 சதவீதம் உகந்தது. பி.எச். 6.8. ஆக்சிஜன் ஆகாது. பெப்டோன், ஈஸ்ட் சாறு போன்ற புரதப் பொருட்களை நொதிக்கவைத்துப் பிழைக்கும். கந்தகம் கொடுத்தால் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றியபடி இன்னும் செழிப்பாக வளரும்.

இதைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. ஆழ்கடல் வாசியாக இருந்தும் 200 வளிமண்டல அழுத்தம் கொடுத்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்காது. எல்லாம் இப்படியல்ல. பைரோகாக்கஸ் யயனோசி அழுத்தம் இல்லாமல் வளரவே வளராது. அதற்கு உகந்தது 52 மெகாபாஸ்கல். 122 டிகிரியில் வளர்ந்து சாதனை வைத்திருக்கும் மெத்தனோபைரஸ் கேண்ட்லரி 116 என்ற வகைக்கும், அந்த வெப்பத்தில் நீர் கொதிக்காமல் இருக்க உயரழுத்தக் கலன் வேண்டும். அது கிடைத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் உள்ள கைரெய் வெந்நீர்க் களம். வங்கக்கடலில் புதுச்சேரிக்கு எதிரே இப்படி எதுவும் இல்லை; கடலில் இறங்கி அள்ளிவரும் வேலை இங்கே கிடையாது. வகையை நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்துதான் வாங்க வேண்டும். தபாலில் வரும்போது ஐஸ் தேவையில்லை, சுங்கத்தில் சில நாள் தங்கினாலும் பரவாயில்லை. குளிரில் இவை செயலற்றுக் கிடக்கும். செயலற்ற நிலையில் கொஞ்சம் ஆக்சிஜன்கூடப் பெரிதாகத் தீண்டாது. சூடேறி விழித்த பிறகு அதே ஆக்சிஜன் நஞ்சு. இந்த நிகழ்வின் முடிச்சே இங்கேதான்.

என்ன செய்தார்கள்

ஊடகத்துக்குச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்காமல் இயற்கைக் கடல்நீரையே எடுத்தார்கள். அதுவும் கடலூர் பழைய துறைமுகப் பக்கம், கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு அருகில். மழைக்காலத்தில் அந்த நீர் பாதி ஆற்றுநீர். வடிதாளில் வடிகட்டியும் நுண்களிமண் போகவில்லை. அதில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 1 கிராம் ஈஸ்ட் சாறு, பி.எச்.சை நிலையாக வைக்கும் பஃபருக்காகப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 10 கிராம் கந்தகத்தூள், ஆக்சிஜன் இருந்தால் நிறம் காட்டும் ரெசசூரின் சாயம் 1 மில்லிகிராம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பி.எச். சரிசெய்து, 120 மி.லி. சீரம் புட்டிகளில் 50 மி.லி. வீதம் ஊற்றி, கிருமி நீக்க 121 டிகிரி அழுத்த நீராவியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ். ஆறிய பின் நைட்ரஜன் ஊதி, மிச்ச ஆக்சிஜனை நீக்கப் புட்டிக்கு 25 மில்லிகிராம் சோடியம் சல்பைடு சேர்த்து, 2.5 மி.லி. விதைப்பு. மூடி, முன்பு வேறு வேலைக்குப் பயன்படுத்திய சிலிக்கோன் மூடி. பிறகு வெப்பக்காற்று அடுப்பில் (ஹாட் ஏர் அவன்) 95க்கு வைத்து இரவு முழுக்க விட்டாயிற்று.

விதைக்காத புட்டி ஒன்றுகூட வைக்கவில்லை. கடலூர் நீரையும் சிலிக்கோன் மூடியையும்விட இதுதான் பெரிய பிழை. விதைக்காத ஊடகப் புட்டி ஒன்றே ஒன்று அடுப்பில் இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

நான்கு பொய்ச்சாட்சிகள்

முதலில் கலங்கல். கடல்நீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. அதில் பாஸ்பேட்டைப் போட்டுச் சூடாக்கினால் கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டுகள் வீழ்படியும். சர்க்கரை போன்ற பொருட்கள் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் பாஸ்பேட் நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். எனவே 30 டிகிரியில் தெளிவாகத் தெரியும் ஊடகம் 95இல் பால்போல ஆகிவிடும். முகத்துவார நீரின் களிமண்ணில் இரும்பு வேறு இருந்தது. இரும்பும் சல்பைடும் சேர்ந்தால் கரிய இரும்பு சல்பைடு. கடலடியில் கரிய வெந்நீரைக் கக்கும் ‘கரும்புகைப் போக்கி’களின் கறுப்பும் இதே வகை உலோகச் சல்பைடுகள்தான்; போக்கி கறுத்திருப்பதற்கு உயிர் காரணமில்லை என்பதை யாரும் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, நாற்றமும் லெட் அசிட்டேட் தாளும். புட்டியில் சல்பைடு போட்டவர்கள் அவர்களே. தாள் கறுக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, கந்தகத்தைப் பெப்டோனோடு 95 டிகிரியில் வைத்தால் உயிர் இல்லாமலேயே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு வரும். உயிர் உண்டாக்கிய சல்பைடை அறிய வேண்டுமானால் விதைத்த புட்டியிலும் விதைக்காத புட்டியிலும் அளவைக் கணக்கிட்டு வித்தியாசம் பார்க்க வேண்டும். கறுப்பா வெளுப்பா என்று பார்ப்பது வீண்.

மூன்றாவது, தலைமுறை மாற்றம். ‘5 சதவீதம் எடுத்து இரண்டு முறை மாற்றினோம், முதல் புட்டியின் பொருள் 400 மடங்கு நீர்த்துப் போயிருக்க வேண்டும், ஆனாலும் கலங்கல் குறையவில்லை, ஆகவே வளர்கிறது’ என்பது வாதம். செல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் வீழ்படிவு முந்தைய புட்டியிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு புது ஊடகமும் தன் வீழ்படிவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

நான்காவது, பட்டாணி அளவு வண்டல். இதில்தான் யாராவது ஒருவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இப்படி மூடிய புட்டியில் பைரோகாக்கஸ் நன்றாக வளர்ந்தாலே மி.லி.க்கு 10 கோடிச் செல் அளவில் நிற்கும். ஒரு மைக்ரான் விட்டமுள்ள உருண்டையின் எடை அரை பிகோகிராம். 50 மி.லி. புட்டிக்கு 500 கோடிச் செல் என்றால் ஈர எடை 2.5 மில்லிகிராம், குழாயின் அடியில் ஒரு பூச்சுபோலத்தான் தெரியும். பட்டாணி வந்தால் சந்தேகப்பட வேண்டும், சந்தோஷப்படக் கூடாது. வண்டலை 3 சதவீத உப்புநீரில் இரண்டு முறை கழுவி, ஃபியூம் ஹுட்டுக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டபோது பெரும்பகுதி கரைந்து போனது: பாஸ்பேட். கரையாமல் மஞ்சளாக மிதந்தது கந்தகம். கழுவாமல் அமிலம் விடக் கூடாது. சல்பைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாகக் கிளம்பும், 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியடையும் இடம் அதுவல்ல.

இதே குழியில் விழுந்த பெரியவர்கள்

இந்த ஆய்வகம் கூச்சப்பட வேண்டியதில்லை. கடலடி வெந்நீர்த் துவாரங்களை 1977இல் கலாபகஸ் அருகே கண்டார்கள். 1979இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் 350 டிகிரிக்கும் மேலான கரும்புகைப் போக்கிகளைக் கண்டார்கள். 1983இல் ஜான் பரோஸ், ஜோடி டெமிங் இருவரும் அந்த நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உயரழுத்தத்தில் 250 டிகிரியிலும் வளர்கின்றன என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டே ட்ரென்ட், சேஸ்டைன், யயனோஸ் மூவரும் அதே இதழில் மறுத்தார்கள்: ஊடகத்தை உயிரில்லாமலேயே அந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்படுத்தினால், செல் போலத் தோன்றும் துகள்களும், வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளத்தக்க அளவீடுகளும் வேதியியலாலேயே வரக்கூடும் என்று. அந்த 250 டிகிரி பிறகு நிலைபெறவில்லை. அட்லாண்டிக் நடுமுகட்டில் 3650 மீட்டர் ஆழத்தில் கிடைத்த பைரோலோபஸ் ஃபுமாரி 1997இல் 113 டிகிரி வரை போனது. 2003இல் ‘ஸ்ட்ரெய்ன் 121’ ஆட்டோகிளேவ் வெப்பமான 121 டிகிரியில் வளர்ந்ததாக அறிவித்தார்கள். 2008இல் மேலே சொன்ன 122. இன்றுவரை அதற்கு மேல் இல்லை.

புதுச்சேரிப் புட்டிகளில் நடந்ததும் அதே, வெப்பம் மட்டும் குறைவு.

உயிர் ஏன் வளரவில்லை

வீழ்படிவு ஏமாற்றியது சரி. வந்த வகை நல்ல வகைதானே, அது ஏன் வளரவில்லை? இங்கே ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்து விலக்க வேண்டியிருந்தது.

உப்பு குறைவா? உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் அந்த நீர் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. உகந்த அளவுக்குக் கீழே, ஆனால் 0.7க்கு மேலே. மெதுவாக வளரும், சாகாது. வெப்பமா? அடுப்பின் திரையில் 95. கீழ்த்தட்டில் தண்ணீர் நிரப்பிய புட்டிக்குள் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தால் 89, அதையும் எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காற்று மெதுவாகச் சூடேற்றும். திரை காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பம், புட்டியினுடையது அல்ல. இதனாலும் வளர்ச்சி மெதுவாகுமே தவிர உயிர் சாகாது. கந்தகமா? கந்தகம் 115 டிகிரியை ஒட்டி உருகும். 121இல் ஆட்டோகிளேவ் செய்ததால் தூள் உருகி, ஆறியபின் அடியில் வில்லையாக உறைந்திருந்தது, மேற்பரப்பு சுருங்கிப்போனது. ஜி.இ.5க்குக் கந்தகம் கட்டாயமில்லை என்பதால் இதுவும் முழுக் காரணமாகாது.

ஆக்சிஜன்தான். இரண்டு வழியில் வந்தது. ஒன்று மூடி: சிலிக்கோன் ரப்பர் பியூட்டைல் ரப்பரைவிட நூறு மடங்குக்கும் மேல் ஆக்சிஜனை ஊடுருவ விடும், சூட்டில் இன்னும் கூடும். இன்னொன்று சல்பைடு. சோடியம் சல்பைடு ஒன்பது நீர்மூலக்கூறுகளைக் கொண்ட படிகம், ஈரத்தை உறிஞ்சும். புதுச்சேரியின் உப்புக்காற்றில் அடிக்கடி திறந்து மூடிய டப்பாவில் படிகங்கள் கசிந்து, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தன. அந்தப் பூப்பு ஆக்சிஜனேற்றமடைந்து செத்த சல்பைடு. 25 மில்லிகிராம் என்று நிறுத்தாலும் வேலை செய்யும் பங்கு பாதியோ கால்வாசியோதான்.

முழு வீரியத்தோடு இருந்தாலும் 25 மில்லிகிராம் எவ்வளவு தாங்கும்? அது 0.1 மில்லிமோல். கந்தகம் வரை ஆக்சிஜனேற்றமாகும் என்று கொண்டால், விழுங்கக்கூடிய ஆக்சிஜன் 1.3 மி.லி., அதாவது 6 மி.லி. காற்றில் இருப்பது. புட்டியின் மேல்வெளி 70 மி.லி. நைட்ரஜன் ஊதுவதில் பத்தில் ஒரு பங்கு காற்று தங்கிவிட்டாலே சல்பைடு தீர்ந்துபோகும்.

ரெசசூரின் காட்டிக்கொடுக்கவில்லையா? காட்டியது, யாரும் பார்க்கவில்லை. நீலம், இளஞ்சிவப்பு, நிறமின்மை என்று அது மாறும். இளஞ்சிவப்பு என்றால் ஆக்சிஜன் உண்டு. ஆனால் பெப்டோனும் ஈஸ்ட் சாறும் 95இல் தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிட்டன. பழுப்புக்குள் இளஞ்சிவப்பு ஒளிந்துகொண்டது.

இனி அந்த ஒரு புட்டி. இரண்டாம் தலைமுறையின் போது மின்வெட்டு. அடுப்பு ஜெனரேட்டர் இணைப்பில் இல்லை. இரவு முழுக்க மெல்ல ஆறியது. அந்தப் புட்டியில் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தவை நீண்ட கோல்கள், சிலவற்றின் நுனியில் வித்து, அதாவது சூட்டைத் தாங்கும் உறங்குநிலை வடிவம். பைரோகாக்கஸ் உருண்டை, வித்து உண்டாக்காது. கட்டியான கந்தகத்துக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் ஒளிந்து ஆட்டோகிளேவைத் தாண்டிய, அல்லது விதைக்கும்போது புகுந்த வித்துப் பாக்டீரியா, 60-50 டிகிரியைக் கடந்து இறங்கும் நேரத்தில் முளைத்திருக்கிறது. எனவே மின்வெட்டுக்கு உள்ளான புட்டியைத் தலைமுறை மாற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

திருத்திய முறை

நீர் செயற்கைக் கடல்நீர்: லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 25 கிராம், ஆறு நீர் கொண்ட மக்னீசியம் குளோரைடு 5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.7 கிராம். பெப்டோன், ஈஸ்ட் சாறு பழைய அளவே. பஃபருக்குப் பாஸ்பேட்டை நம்பாமல் பைப்ஸ் 6.05 கிராம், அதாவது 20 மில்லிமோலார். டிரிஸ் என்ற பஃபர் வேண்டாம்: ஒரு டிகிரிக்கு 0.028 வீதம் பி.எச். இறங்குவதால், அறையில் 8 என்று வைத்தது 95இல் 6ஆக நிற்கும். பைப்ஸ் 0.6 அளவே இறங்கும், 6.8 வைத்தால் 6.2இல் இருக்கும், ஜி.இ.5 தாங்கும் எல்லைக்குள்தான் அது. உயிருக்கு வேண்டிய பாஸ்பேட் 0.1 கிராமையும் கால்சியம் குளோரைடு 0.5 கிராமையும் தனித்தனிக் கரைசலாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பின் சேர்க்க வேண்டும்.

கந்தகம் தனி. புட்டிக்கு 0.5 கிராம் தூளைச் சிறிது நீரில் நனைத்து, 100 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வீதம் அடுத்தடுத்து மூன்று நாள் வேகவைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அறை வெப்பத்தில் விட்டால் வித்துகள் முளைக்கும். மறுநாள் ஆவி அவற்றைக் கொல்லும். அழுத்தம் வைக்கக் கூடாது.

மூடி, கனமான பியூட்டைல் ரப்பர். மேலே அலுமினிய வளையம், கிரிம்பர் கொண்டு இறுக்கியது. அலுமினிய வளையங்களைக் கடலோர ஆய்வகத்தில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தால்தான் பூத்துப்போகாது. நைட்ரஜனைத் திரவத்துக்குள் 10 நிமிடம், மேல்வெளியில் 5 நிமிடம். சல்பைடுப் படிகத்தில் பெரியதாகத் தேர்ந்தெடுத்து, ஆக்சிஜன் நீக்கிய நீரில் மேற்பூப்பைக் கழுவி, வடிதாளில் ஒற்றி, உடனே நிறுத்து, 5 சதவீதக் கரைசல் செய்து, புட்டிக்கு 0.5 மி.லி. ஊசிமூலம் செலுத்த வேண்டும். சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் நைட்ரஜனால் மூன்று தடவை நிரப்பி வெளியேற்றிய பிறகே பயன்படுத்துவது. விதைக்குமுன் புட்டியை 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து நிறம் போய்விட்டதா என்று வெள்ளைத்தாளின் முன் பார்க்க வேண்டும். மிச்ச ஆக்சிஜனைச் சல்பைடு சூட்டில் வேகமாகத் தின்றுவிடும். உயிர் விழிப்பதற்குள் வீடு சுத்தமாகிவிடும்.

அடுப்புக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டி, புட்டியின் திரவமட்டத்துக்கு மேல் எண்ணெய் நிற்கும்படி. புட்டியின் உள்ளழுத்தத்தை மறக்கக் கூடாது: 25 டிகிரியில் ஒரு வளிமண்டலமாக மூடிய வாயு 95இல் 1.23, நீராவியின் பங்கு 0.83, ஆக 2க்குச் சற்று மேல். அதாவது வெளியைவிட ஒரு வளிமண்டலம் கூடுதல். நைட்ரஜனை அழுத்தி நிரப்பியிருந்தால் 3ஐத் தாண்டும். கீறல் விழுந்த புட்டி வெடிக்கும். முகக்கவசம், கம்பிவலை உறை, 50 டிகிரிக்குக் கீழே ஆறாமல் ஊசி குத்தாமை ஆகிய மூன்றிலும் சலுகை இல்லை. வெளியேறும் வாயுவை ஜிங்க் அசிட்டேட் கரைசல் வழியாக விட வேண்டும்.

புட்டிகள் மூன்று வகை: விதைத்து 95இல் வைத்தது, விதைக்காமல் 95இல் வைத்தது, விதைத்து அறை வெப்பத்திலேயே விட்டது. கலங்கலைக் குறிப்பேட்டில் எழுதவே தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5 மி.லி. எடுத்து, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில், கட்டமிட்ட எண்ணும் கண்ணாடிச் சில்லில் செல்லை எண்ண வேண்டும். நீர்த்துப்போகச் செய்ய வேண்டுமானால் 3 சதவீத உப்புநீர் மட்டும். வாலை வடிநீரில் இந்தச் செல்கள் வெடித்துக் கரைந்துவிடும். முதல் முறை பார்த்தபோது விதைத்த செல்கூடக் கண்ணில் படாததில் இதற்கும் பங்குண்டு. டாப்பி சாயம் போட்டால் டி.என்.ஏ. நீலமாகவும், சாயத்தை ஒட்டிக்கொண்ட துகள் மஞ்சளாகவும் மினுங்கும்.

இப்படிச் செய்தபோது விதைத்த புட்டியில் தொடக்கத்தில் மி.லி.க்கு 40 லட்சமாக இருந்த செல் எட்டு மணி நேரத்தில் 10 கோடியைத் தொட்டது. மற்ற இரு வகையில் ஏற்றமில்லை. வேடிக்கை என்னவென்றால், நன்றாக வளர்ந்த இந்தப் புட்டி பழைய ‘வெற்றி’ப் புட்டிகளைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

ஈ. கோலை பாக்டீரியாவை வளர்த்த பழக்கத்தில் ‘இரவு முழுக்க’ விடுவதையும் கைவிட வேண்டியிருந்தது. சேகரிப்பு மையத்திலிருந்து வந்த முதல் புட்டி விழிக்க ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கலாம். அதன்பின் 5 சதவீத விதைப்பு உச்சத்தைத் தொட இருபது மடங்கு பெருகினால் போதும், ஏறத்தாழ 4.3 இரட்டிப்பு. உச்சம் தொட்ட செல்லை அதே 95இல் விட்டால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். எனவே எண்ணிக்கை ஏறும்போதே எடுத்து, பனிநீரில் குளிரவைத்து, வாட்மன் 1 தாளில் கந்தகத்தை வடித்து, 6000 ஜி.யில் (புவியீர்ப்பின் 6000 மடங்கு) 20 நிமிடம் சுழற்றினார்கள். ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவே வரும் என்பதால் இருபது புட்டிகளைச் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருந்தது.

டி.என்.ஏ. வந்தது. அதன் ஒரு பகுதியைப் பல நகலாக்கும் பி.சி.ஆரில் மறுபடி ஒன்றும் வரவில்லை! நுண்ணுயிரை அடையாளம் காட்டும் 16 எஸ் மரபணுவுக்கு அவர்கள் வைத்திருந்த ‘பொது’ப் பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) 27 எஃப், 1492 ஆர், இதில் 27 எஃப் பாக்டீரியாவுக்கானது, ஆர்க்கியாவின் தொடரோடு சரியாக ஒட்டாது. ஆர்க்கியாவுக்கான 21 எஃப், 958 ஆர் இணையைப் போட்டதும் கோடு விழுந்தது. பழைய பிரைமரை வீசவில்லை: அதில் கோடு விழுந்தால் கலப்படம் என்று அறிய அதையே வைத்துக்கொண்டார்கள்.

மிச்ச வளர்ப்பு இப்போது பியூட்டைல் மூடியோடு, ரெசசூரின் நிறமற்ற நிலையில், 4 டிகிரி ஃபிரிட்ஜில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு புட்டியை எடுத்து நிறம் பார்த்து, எண்ணி, புது ஊடகத்தில் மாற்றுகிறார்கள். பக்கத்தில் எப்போதும் விதைக்காத புட்டி ஒன்று.